குழாய் ஸ்பீக்கரும் ஏரியல் கணக்கும்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் மைக் செட் வைத்திருக்கிறேன். அப்பா காலத்து 5 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கர் யூனிட்டுகளும் சும்மா கிடக்கின்றன. மரத்தில் பெரிய குழாய் செய்து மாட்டி வீட்டில் பழைய பாட்டு கேட்கலாமா? 100 ஹெர்ட்ஸ் வரை இறங்குமா? ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுவது) நண்பர் "இதுவும் ஏரியல் கணக்குதான்" என்கிறார். உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மை. குழாயைக் கழற்றிவிட்டு யூனிட்டை மட்டும் பாடவிட்டுப் பாருங்கள் (வால்யூமை நன்றாகக் குறைத்துத்தான்), கொசு ரீங்காரம் மாதிரிக் கேட்கும். திரும்ப மாட்டினால் தெருமுனை வரை போகும். ஆம்ப் தரும் வாட் அதேதான். டயாபிரம் (யூனிட்டுக்குள் அதிரும் தகடு) கனம், காற்று லேசு, இரண்டின் இம்பீடன்ஸும் (அசைவுக்குக் காட்டும் எதிர்ப்பு) ஒத்துப்போகாததால் சக்தி காற்றில் ஏறாமல் நின்றுவிடுகிறது. மெல்ல விரியும் குழாய் இரண்டையும் பொருத்திவைக்கிறது. கோயில் திருவிழாவுக்கு லைன் இழுக்கும்போது நீங்கள் போடும் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மருக்கும், நண்பர் ஏரியலுக்கு முன்னால் வைக்கும் ட்யூனருக்கும் இதே வேலைதான்.

மின்சாரத்தின் இம்பீடன்ஸ் கணக்கை 1919-இல் ஒலிக்கும் குழாய்க்கும் கொண்டுவந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் கார்டன் வெப்ஸ்டர். 1924-இல் எக்ஸ்பொனென்ஷியல் குழாயை (சம தூரத்துக்கு ஒருமுறை பரப்பு இரட்டிப்பாகும் குழாய்) கணக்குப் போட்டுக் காட்டிய ஹன்னாவும் ஸ்லெப்பியனும் மின்பொறியாளர்கள். அன்றைக்கு வால்வு ஆம்ப் தந்ததே சில வாட், அதை வைத்துத் தியேட்டரை நிரப்ப வேண்டும். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் வாங்கும் சக்தியில் நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக்கும், நல்ல குழாய் இருபது முப்பது பங்கு. உங்கள் 5 வாட் வீட்டுக்குத் தாராளம்.

அளவுக்கு வருவோம். நண்பர் பேசும் 2 மீட்டர் பேண்டின் அலையும் 170 ஹெர்ட்ஸ் ஒலியும் ஏறக்குறைய ஒரே நீளம். 100 ஹெர்ட்ஸ் என்றால் 3.4 மீட்டர். குழாய் வாயின் சுற்றளவு அவ்வளவு இருக்க வேண்டும், அதாவது விட்டம் 1.1 மீட்டர். ஒரு இஞ்ச் தொண்டையிலிருந்து (யூனிட்டில் மாட்டும் முனை) அங்கே போய்ச் சேர நீளம் 2 மீட்டர். அறை மூலையில் வைத்தால் வாயின் பரப்பில் எட்டில் ஒரு பங்கு போதும், தரையையே கண்ணாடியாக்கிக் கால் அலை ஏரியலை நிறுத்துவது போலத்தான் (1946-இல் அமெரிக்க ஸ்பீக்கர் பொறியாளர் கிளிப்ஷ் விற்பனைக்குக் கொண்டுவந்தது இந்த மூலை வித்தையைத்தான்). ஆனால் பேச்சுக்காகச் செய்த உங்கள் யூனிட் 100 ஹெர்ட்ஸைத் தாங்காது.

ஒரு இடத்தில் மட்டும் நண்பரின் கணக்கு உதைக்கும். ரேடியோ அலை செல்லும் உலோகக் குழாய் நேராக இருந்தாலே, ஒரு எல்லைக்குக் கீழ் அலையை விடாது. ஒலிக்கு நேர்க்குழாயில் அப்படி எல்லை கிடையாது, விரியும் வேகம்தான் எல்லையை வைக்கிறது.

யூனிட் 100 ஹெர்ட்ஸைத் தாங்காததால் 300 ஹெர்ட்ஸுக்குச் செய்யுங்கள்: வாயின் விட்டம் 36 செ.மீ., நீளம் 48 செ.மீ., ஒவ்வொரு 6.3 செ.மீ.க்கும் பரப்பு (விட்டம் அல்ல, ஆசாரியிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்) இரட்டிப்பாக வேண்டும். 400 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் இதைப் பாடவிட்டு, அதற்குக் கீழ் உள்ள ஒலிக்கு நல்ல சென்ஸிடிவிட்டி உள்ள (குறைந்த வாட்டிலேயே சத்தமாகப் பாடும்) 15 இஞ்ச் வூஃபர் போடுங்கள். யூனிட்டுக்குள் லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதை விட்டுவிட்டு நேராகக் காயிலுக்கு வயர் கொடுங்கள். அப்புறம், 16 ஓம் யூனிட் என்றால் தாழ்ந்த ஒலியைத் தடுக்கத் தொடரில் 25 மைக்ரோஃபாரட் நான்-போலார் கண்டென்சர் கட்டாயம், இல்லையென்றால் டயாபிரம் கிழியும்.