ஒரு பெட்டி பார்பர்ஷாப், அரைப் பெட்டி கிறிஸ்துமஸ்: பழைய இசைத்தட்டுகளில் எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: அமெரிக்காவின் ஒஹாயோவில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டைக் காலி செய்தபோது பழைய இசைத்தட்டுகளை மொத்தமாக 20 டாலருக்கு வாங்கினேன். சில கிறிஸ்துமஸ் பாடல்கள். பெரும்பாலானவை பார்பர்ஷாப் என்னும் நால்வர் பாட்டு. சில தட்டுகள் கனமாக இருக்கின்றன. என் புதிய டர்ன்டேபிளில் இவற்றைப் போடலாமா? எப்படிச் சுத்தம் செய்வது? விலை போகுமா?

பதில்: கனமான தட்டுகளை இப்போதைக்குப் போடாதீர்கள். அவை பெரும்பாலும் ஷெல்லாக் என்னும் அரக்கில் செய்த, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டுகள். 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. என்னும், நீண்ட நேரம் ஓடும் வினைல் பிளாஸ்டிக் தட்டைக் கொண்டுவரும் வரை அவற்றின் காலம்தான். அவற்றில் ஊசி ஓடும் வரிகள், அதாவது பள்ளங்கள், அகலமானவை. ஏறத்தாழ 75 மைக்ரான் முனையுள்ள ஊசி வேண்டும். உங்கள் டர்ன்டேபிளில் இருப்பது அதில் நான்கில் ஒரு பங்குதான் இருக்கும். அது வரியின் அடியில் கிடக்கும் அழுக்கில் உரசிக்கொண்டு போகும்; பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். 78 வேகமும் தனி ஊசியும் கிடைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

கடையில் விற்கும் துப்புரவுத் திரவங்கள் சிலவற்றில் ஆல்கஹால் உண்டு. அது அரக்கைக் கரைத்துவிடும், ஷெல்லாக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான துணி, வரியின் போக்கிலேயே துடைப்பு, நடுவில் உள்ள லேபிளில் ஈரம் படாத கவனம். இது போதும், வினைலுக்கும் இதுவே.

இனி, பலரும் பார்க்கத் தவறும் இடம். பார்பர்ஷாப்பில் வாத்தியம் கிடையாது. மெட்டைப் பாடும் லீட், அதற்கு மேலே டெனர், அடியில் பாஸ், இடைவெளியை நிரப்பும் பாரிடோன், அவ்வளவுதான். நால்வரும் சுருதி பிசகாமல் சேரும்போது யாரும் பாடாத ஒரு சுரம் மேலே கணீரென்று ஒலிக்கும். நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில் மீட்டாத காந்தாரம் கேட்குமே, அப்படி. இந்தப் பாட்டின் உயிரே அந்த மேற்சுரங்கள்தான். தேய்ந்த தட்டில் முதலில் போவதும் அவைதான்.

அதனால் தட்டைச் சோதிக்க முதல் பாட்டைப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டின் முடிவைக் கேளுங்கள். எல்.பி.யின் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. வரி ஓடுகிறது, உள் ஓரத்தில் 21 செ.மீ. மட்டுமே. அந்த நெருக்கடியில் தேய்மானம் அப்பட்டமாகத் தெரியும். நால்வரும் உச்சத்தில் இழுத்து நிறுத்தும் ‘டேக்’ என்னும் முத்தாய்ப்பும் அங்கேதான் வரும். அது கரகரவென்று உடைந்தால் எவ்வளவு கழுவினாலும் தேறாது. விளக்கொளியில் சாய்த்துப் பார்க்கும்போது வரிகள் சாம்பல் பூத்துத் தெரிந்தாலும் அதே கதைதான்.

விலை என்று வந்தால் உங்கள் கிறிஸ்துமஸ் தட்டுகள் அநேகமாக ஏமாற்றும். 1960களில் குட்இயர், ஃபயர்ஸ்டோன் டயர் நிறுவனங்கள் தங்கள் கடைகளில் ஆண்டுதோறும் ஒரு கிறிஸ்துமஸ் தொகுப்பை மலிவு விலையில் விற்றன. ஏராளமாக அச்சானவை, இன்றும் பழைய பொருள் கடைகளில் ஓரிரு டாலருக்குக் கிடைக்கும். (பாடல்கள் என்னவோ அருமையானவை, விற்காமல் கேளுங்கள்.) விதிவிலக்குகள் பதிப்பைப் பொறுத்தவை. எல்விஸ் பிரெஸ்லியின் கிறிஸ்துமஸ் தொகுப்பு 1957இல் விரித்துத் திறக்கும் உறையோடும் உள்ளே படப் புத்தகத்தோடும் வந்தது. பட்டியல் எண் எல்.ஓ.சி.-1035. அடுத்த ஆண்டே சாதாரண உறையில் வேறு எண்ணோடு வெளியானது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் மிகப் பெரியது. ஆகவே பெயரை நம்பாதீர்கள், உறையின் முதுகில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

பார்பர்ஷாப்பில் பெயர் பெற்ற குழுக்களின் தட்டுகள் எளிதில் கிடைக்கும். பஃபலோ பில்ஸ் குழுவினர் 1950இல் சர்வதேச பார்பர்ஷாப் போட்டியின் வெற்றியாளர்கள். 1957இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை ஏறியவர்கள். அவர்களைப் பாட்டுக்காக வைத்துக்கொள்ளலாம், முதலீடாக அல்ல. குழுக்கள் தாமே அச்சிட்டு மாநாடுகளில் விற்ற தட்டுகள் அரிது. ஆனால் அவற்றைத் தேடுகிறவர்களும் அரிது. நான் தேடச் சொல்வது இன்னும் பழையதை. கறுப்பினத்தவரின் நால்வர் பாட்டிலிருந்துதான் இந்தக் கலைக்குப் பெரும்பங்கு வந்தது. 1902இலேயே டின்விடி என்னும் கறுப்பினக் குழு விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடியிருக்கிறது. ஆனால் 1938இல் டல்சா நகரில் தோன்றிய பார்பர்ஷாப் சங்கம் 1963 வரை கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. இந்த விஷயம் தெரிந்தவர்கள் அந்தத் தொடக்ககாலத் தட்டுகளுக்கு நல்ல விலை தருவார்கள்.

ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள்: லேபிளில் கையால் எழுதிய தட்டு ஏதேனும் இருக்கிறதா? ஊர்க் குழுக்கள் தம் பாட்டை நேரடியாகத் தட்டிலேயே வெட்டிப் பதிந்துகொண்ட லாக்கர் தட்டாக அது இருக்கலாம். அலுமினியம் அல்லது அட்டை மேல் பூசிய மெல்லிய படலம் அது. நீரும் ஆகாது, ஊசியும் ஆகாது. பெரும்பாலும் அதற்கு இரண்டாம் படி இருக்காது. அதை நீங்கள் போட்டுப் பார்க்காமல், பழைய ஒலிப்பதிவுகளை டிஜிட்டலாக மாற்றித் தரும் ஒருவரிடம் முதலில் கொடுங்கள்.