ஆசிட் லைனில் போட்ட 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் ஓட்டையாகிவிட்டது. போலிச் சரக்கா?

"போலியா" என்று கேட்டிருப்பதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அநேகமாக இந்நேரம் சப்ளையரோடு சண்டை ஆரம்பித்திருப்பீர்கள். ஆனால் எந்த ஆசிட் என்று கேள்வியில் சொல்லவே இல்லை. ஹைட்ரோகுளோரிக் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் சரக்கு அசலாகவே இருக்கலாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பாற்றுவது அதன்மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடு படலம். தடிமன் சில நானோமீட்டர்தான். அது உருப்படியாக மூட வேண்டுமானால் உலோகத்தில் குறைந்தது 10.5 சதவீதமாவது குரோமியம் வேண்டும். கீறினாலும் காற்றிலேயே மறுபடி மூடிக்கொள்ளும். நைட்ரிக் ஆசிட் ஆக்சிஜனேற்றும் ரகம், படலத்துக்கு அது நல்லதே செய்யும். அந்தப் படலத்தை வலுப்படுத்தும் பாஸிவேஷனுக்கே அதைத்தானே பயன்படுத்துகிறோம். ஹைட்ரோகுளோரிக் நேர் எதிர். படலம் நிற்காது, குளோரைடு மறுபடி மூடவும் விடாது. 316-இல் உள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் உப்புத் தண்ணீரில் கைகொடுக்கும், இந்த ஆசிட்டுக்குப் பத்தாது.

நான் பராமரிப்பு பார்த்த ஆலையில் 316 டியூப் போட்ட ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருந்தது. உள்ளே சுண்ணாம்புப் படிவு. ஷட்டவுனில் கழுவ வந்த கான்ட்ராக்டர் இறக்கியது ஹைட்ரோகுளோரிக் கேன்கள். வேண்டாம், சல்ஃபாமிக்கோ சிட்ரிக்கோ போடுங்கள் என்றேன். "இன்ஹிபிட்டர் கலந்திருக்கு சார்" என்றார், அதாவது ஆசிட் உலோகத்தை அரிக்காமல் தடுக்கும் சேர்மானம். லேபிளைப் படித்தால், அது கார்பன் ஸ்டீல் பாய்லருக்கானது! மேலே இருந்தவர்களுக்கு அவசரம். கழுவி, அரைகுறையாக அலசி, மூடிவிட்டார்கள்.

கசிவு வந்த பிறகு ஒரு டியூப்பை நீளவாக்கில் பிளந்து பார்த்தோம். உள்பக்கம் முக்கால்வாசி பளபளவென்றுதான் இருந்தது. ஆங்காங்கே ஊசிமுனை அளவு கருப்புப் புள்ளி. ஊசியால் நெம்பினால் மேலே இருந்த மெல்லிய தோல் பெயர்ந்து, சொத்தைப் பல் மாதிரி உள்ளே அகலமான குழி. அந்தக் குழிக்குள் ஆசிட் தானாகவே உற்பத்தியாகும், வெளியே இருக்கும் குளோரைடையும் உள்ளே இழுக்கும். அரைகுறை அலசலால் அது நிற்காது.

உடனே ஒருவர் காந்தத்தோடு வந்தார். வெல்டில் லேசாக ஒட்டியதும் "டூப்ளிகேட்" என்று தீர்ப்பு! அசல் 316-இல் காந்தம் ஒட்டாது என்பது அவர் கணக்கு. ஆனால் 316 வெல்டில் காந்தம் இழுக்கும் ஃபெரைட் என்ற இரும்புப் படிகம் கொஞ்சம் இருக்கும், ஒட்டத்தான் செய்யும். உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ரே துப்பாக்கி வைத்து அளந்தோம்: குரோமியம், நிக்கல், மாலிப்டினம் எல்லாம் வரம்புக்குள். ஆனாலும் அறிக்கையில் "மெட்டீரியல் குறைபாடு" என்றே போனது.

"சல்ஃபியூரிக்கிலும் 316 அரிக்குமே" என்று யாராவது வருவீர்கள். அரிக்கும்தான், செறிவையும் சூட்டையும் பொறுத்து. குரோமியம் கூடினால் எல்லா ஆசிட்டுக்கும் நல்லது என்று நான் சொல்லவும் இல்லை. ஹாஸ்டெல்லாய் பி-2 என்ற நிக்கல் கலப்பு உலோகத்தில் குரோமியம் கிட்டத்தட்ட கிடையாது, மாலிப்டினம் 28 சதவீதம். ஹைட்ரோகுளோரிக்கை நன்றாகத் தாங்கும். ஆனால் அதே ஆசிட்டில் ஃபெரிக் அயனி (இரும்பின் ஓர் அயனி) கலந்துவிட்டால் அதுவும் வேகமாகக் கரையும்.

சரி, உங்கள் விஷயம். பணத்தைத் திருப்பிக் கேட்கும் முன் ஒரு துண்டை வெட்டி லேபில் கொடுத்துப் பாருங்கள். கிரேடு சரி என்று வந்தால், அடுத்த குழாயை 316எல்லில் போடலாமா என்று யோசிக்காதீர்கள். எல் என்பது கார்பன் குறைந்தது, வெல்ட் ஓரத்தில் குரோமியம் கார்பைடாகப் போகாமல் இருப்பதற்கு. ஹைட்ரோகுளோரிக்தான் ஓடப்போகிறது என்றால் ரப்பர் லைனிங் போட்ட குழாயைப் பாருங்கள், இல்லாவிட்டால் பாலிபுரோப்பிலீன், சூடு அதிகம் இல்லாத வரை.