பேசாத அக்காமார்கள்

அன்புள்ள ஐயா,

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழுக்களுக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியட்டும் என்று மாதம் ஒரு கூட்டம் போடுகிறோம். எப்போதும் இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். நன்றாக வேலை தெரிந்த அக்காமார்கள் வாயே திறப்பதில்லை. பேசுகிறவர்களுக்குப் பரிசு கொடுக்கலாம் என்கிறது அலுவலகம். சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பரிசு வேண்டாம். அந்த இரண்டு பேரே அதையும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்த அக்காமார்கள் கரையில் உட்கார்ந்து கயிற்றில் விதைப்பாசி கட்டும்போது கவனித்துப் பாருங்கள். பேச்சு ஓயாது. ஓரா மீன் கடித்த நுனி எப்படி இருக்கும், வெக்கை தாங்காமல் வெளுத்த தண்டு எப்படி இருக்கும், பாசிக் கயிறுகளைக் கட்டிக் கடலில் விடும் மிதவைக்கு அடியில் வலையை எப்படிக் கட்டவேண்டும், வாடைக்காற்றுக்கு முன்னால் மிதவையை எப்போது இழுக்கவேண்டும், எல்லாம் அங்கே கைமாறுகிறது. அவர்களையே ஹாலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மைக்கை நீட்டி, "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்றால் என்ன சொல்வார்கள்? கூட்டத்தைக் கரையிலேயே வையுங்கள். "உங்கள் மிதவை மட்டும் வெளுக்கவில்லையே, என்னக்கா செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் வேலையை, எப்போதும் பேசுகிற அந்த இருவருக்கே கொடுக்கலாம்.

ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகல் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே இருந்து கவனித்தவர் ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர். கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் சாப்பிடும்போதும் டீ குடிக்கும்போதும் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லியே தீர்த்துக்கொண்டார்கள் என்று கண்டார். 1990களில் அந்த நிறுவனம் 'யுரேகா' என்று ஒரு குறிப்புத் தொகுப்பைத் தொடங்கியது. ஒருவர் சொல்லும் வழியைச் சக தொழிலாளர்களே சரிபார்ப்பார்கள். தேறினால் சொன்னவர் பெயரோடு எல்லோருக்கும் போகும். குறிப்புக்குப் பணம் வேண்டாம் என்று சொன்னதும் தொழிலாளர்கள்தான்.

நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். யார் சொன்ன வழி என்று பெயர் கட்டாயம் இருக்கட்டும். ஒரு மிதவை அறுவடைக்கு வர சுமார் 45 நாள் ஆகும். அந்த வழியைச் செய்துபார்த்தவர், பலித்ததோ இல்லையோ, அறுத்ததும் சொன்னவரிடமே போய்ச் சொல்லவேண்டும். சொன்னது என்ன ஆயிற்று என்றே தெரியாவிட்டால் யாரும் அடுத்த முறை சொல்லமாட்டார்கள்.

புதிதாக வந்த பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஓரத்தில் இருந்து பார்த்துப் பழகுவதும் படிப்புதான். மனிதர்கள் தொழில் பழகும் விதத்தை ஆராய்ந்த ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இல் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உங்கள் கூட்டம் நடக்கும் நேரத்தில் அந்த அக்காவின் வேலை கெடுகிறது. அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். பேசினாலும் பேசாவிட்டாலும், வந்த எல்லோருக்கும் ஒரே கூலி. விதைப்பாசியோ புது மிதவையோ கொடுக்கும்போது ஒரு குழுவை இன்னொரு குழுவோடு மோதவிடாதீர்கள். தொழில் நுணுக்கத்தைச் சொன்னதால் நாளைக்குத் தனக்கு வரவேண்டியது குறையும் என்றால் எந்த அக்கா சொல்வார்? இதை அலுவலகத்தில் நீங்கள்தான் பேசவேண்டும். அவர்களாக வந்து கேட்கமாட்டார்கள்.