கணினி கேள்வி நேரம்: ஒரே எண்ணில் இரண்டு மெஷின்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி விர்ச்சுவல் மெஷினும் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஐபி முகவரியும் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் உள்ள எண்) பற்றியவை. அதனால் பிரின்டர் ரிப்பேர், மெதுவான போன் எல்லாம் அடுத்த இதழுக்கு.

சார், ப்ராஜெக்டுக்காக லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (விர்ச்சுவல் மெஷின் உருவாக்கும் மென்பொருள்) போட்டு இரண்டு உபுண்டு லினக்ஸ் மெஷின் வைத்திருக்கிறேன். ஒன்றில் வெப் சர்வர், இன்னொன்றில் டேட்டாபேஸ். இரண்டிலும் இன்டர்நெட் வருகிறது, ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு பிங் போகவில்லை. பார்த்தால் இரண்டுக்கும் ஐபி 10.0.2.15! சண்டை வராதா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

வராதும்மா, ஏனென்றால் இரண்டும் ஒரே நெட்வொர்க்கிலேயே இல்லை. விர்ச்சுவல்பாக்ஸில் புதிதாக ஒரு மெஷின் போட்டால் தானாக அமைவது 'நாட்' (மெஷினை லேப்டாப்பின் வழியே வெளியே அனுப்பும் முறை). அதில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி நெட்வொர்க், கேட்வே (வெளியே போகும் வாசல்) 10.0.2.2, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தருவது) 10.0.2.3, மெஷின் 10.0.2.15 என்று எல்லாவற்றுக்கும் இதே எண்கள்தான். ஆளுக்கொரு வீடு, எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண், நடுவில் தெரு மட்டும் கிடையாது. வெளியே போகலாம், பக்கத்து வீட்டுக்குப் போக முடியாது.

தெரு போட இரண்டு வழி. 'நாட் நெட்வொர்க்' என்று தனியாக ஒன்று இருக்கிறது (பெயர்தான் குழப்பும்), அதை உருவாக்கி இரண்டையும் அதில் சேர்த்தால் ஆளுக்கொரு எண் வரும், பேசிக்கொள்ளும், இன்டர்நெட்டும் வரும். ஆனால் உங்கள் லேப்டாப் பிரவுசரிலிருந்து வெப் சர்வரைப் பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் (லேப்டாப்புக்கு வருவதை மெஷினுக்குத் திருப்பிவிடுவது) போட வேண்டியிருக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. இருக்கும் நாட் அப்படியே இருக்கட்டும், ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டாவது நெட்வொர்க் அடாப்டராக 'ஹோஸ்ட்-ஒன்லி' (லேப்டாப்பும் அதிலுள்ள மெஷின்களும் மட்டும் பேசிக்கொள்ளும் நெட்வொர்க்) சேருங்கள். அதன் வழக்கமான ரேஞ்ச் 192.168.56.0/24, அதாவது முதல் மூன்று எண்கள் அப்படியே இருக்கும், கடைசி எண் மட்டும் மாறும். லேப்டாப்புக்கு 192.168.56.1, டிஹெச்சிபி சர்வருக்கு (மெஷின்களுக்குத் தானாக ஐபி கொடுப்பது) 100, அது எடுத்துக் கொடுப்பது 101 முதல் 254 வரை. ஆக 2 முதல் 99 வரை உங்களுக்குச் சும்மா கிடக்கிறது. டேட்டாபேஸுக்கு 192.168.56.10, வெப் சர்வருக்கு 11 என்று கையாலேயே நிலையாகக் கொடுத்துவிடுங்கள். டேட்டாபேஸின் ஐபி இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாறினால் வைவா அன்றைக்குத்தான் மாறும்.

முக்கியமானது, இந்த இரண்டாவது அடாப்டரில் கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். கட்டம் இருக்கிறதே என்று 192.168.56.1 போட்டால், மெஷின் இன்டர்நெட்டுக்கும் அந்தப் பக்கமே போகப் பார்க்கும். அப்புறம் 'பிங் வருகிறது, அப்டேட் வரவில்லை' என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள்.

இரண்டாவது மெஷினை குளோன் (அப்படியே நகல்) செய்துதான் எடுத்திருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான். குளோன் செய்யும்போது மேக் அட்ரஸைப் (நெட்வொர்க் அடாப்டரின் அடையாள எண்) புதிதாக உருவாக்கும் தேர்வைக் கொடுக்க வேண்டும். உபுண்டு சர்வரில் அதுவும் போதாமல் போகலாம், ஏனென்றால் டிஹெச்சிபியிடம் தன்னை யாரென்று சொல்ல அது மெஷின்-ஐடியைத்தான் பயன்படுத்துகிறது, குளோனில் அதுவும் சேர்ந்தே வந்துவிடும். ஈடிசி (/etc) ஃபோல்டரில் இருக்கும் மெஷின்-ஐடி ஃபைலை அழிக்காமல், உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்துவிட்டு ரீபூட் செய்தால் புதிது உருவாகிவிடும்.

லினக்ஸில் ஹோஸ்ட்-ஒன்லி ரேஞ்சை 10.50.0.1 என்று மாற்றினால் அனுமதி இல்லை என்கிறது. நண்பனின் விண்டோஸில் மாறுகிறதே?
– பள்ளத்தூர் வாசகர்

விர்ச்சுவல்பாக்ஸ் 6.1.28 பதிப்பிலிருந்து லினக்ஸிலும் ஆப்பிள் மேக்கிலும் 192.168.56.0 முதல் 192.168.63.255 வரைதான் தானாக அனுமதி. வேறு ரேஞ்ச் வேண்டுமென்றால் ஈடிசிக்குள் விபாக்ஸ் என்ற ஃபோல்டரில் நெட்வொர்க்ஸ்.கான்ஃப் (/etc/vbox/networks.conf) என்ற ஃபைல் வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே உருவாக்குங்கள். ஒரு நட்சத்திரக் குறி, ஓர் இடைவெளி, பிறகு ரேஞ்ச். நட்சத்திரத்தை விட்டுவிடாதீர்கள்.

வீட்டிலிருந்தே கம்பெனி வேலை. விபிஎன் (கம்பெனி நெட்வொர்க்கோடு சேர்க்கும் இணைப்பு) பச்சை காட்டுகிறது, மெயில் வருகிறது, ஆனால் ஒரு சர்வர் மட்டும் திறக்கவில்லை. அலுவலகத்தில் 'எங்கள் பக்கம் எல்லாம் சரி' என்கிறார்கள். டெஸ்டிங்குக்கு மூன்று விர்ச்சுவல் மெஷின் வைத்திருக்கிறேன், பெரிதாக இருக்கட்டும் என்று 10.10.0.0/16 கொடுத்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– தேவகோட்டை வாசகர்

உண்டு, நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த சர்வரின் ஐபி 10.10 என்று தொடங்குகிறதா பாருங்கள், தொடங்கும் என்றுதான் நினைக்கிறேன். விபிஎன் உங்கள் லேப்டாப்பிடம் '10 என்று தொடங்குவதெல்லாம் என் வழியே' என்று சொல்லியிருக்கும், அதாவது 10.0.0.0/8. உங்கள் விர்ச்சுவல் நெட்வொர்க் '10.10 மட்டும் என் வழியே' என்கிறது. இரண்டும் பொருந்தினால் கணினி குறுகலானதைத்தான் எடுக்கும். சர்வருக்குப் போக வேண்டிய டேட்டா பாக்கெட் லேப்டாப்பை விட்டு வெளியே போகவே இல்லை, உங்கள் மூன்று மெஷின்கள் இருக்கும் பக்கம் போய், அங்கே கேட்பாரில்லாமல் செத்துப்போகிறது. விண்டோஸில் 'ரூட் பிரிண்ட்' (route print), லினக்ஸில் 'ஐபி ரூட்' (ip route) அடித்தால் இரண்டு வரியையும் கண்ணாலேயே பார்க்கலாம்.

மூன்று மெஷினுக்கு 65,534 முகவரி எதற்கு? சாய்கோட்டுக்குப் பின்னால் எண் கூடக் கூட ரேஞ்ச் சுருங்கும்: /24 போட்டாலே 254 கிடைக்கும், /28 போட்டால் 14, உங்களுக்கு அதுவே தாராளம். தனியார் நெட்வொர்க்குகளுக்கென்று 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 (இணைய விதிமுறை ஆவணம்) ஒதுக்கியது மூன்று தொகுதி: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. முதலாவதில் கம்பெனிகள் உட்கார்ந்திருக்கும். மூன்றாவதில் 192.168.0-வும் 192.168.1-ம் வீட்டு ரவுட்டர்களுக்குப் போய்விட்டன, 192.168.122 என்பது லினக்ஸில் கேவிஎம் விர்ச்சுவல் மெஷின் போட்டால், அதை நிர்வகிக்கும் லிப்விர்ட் எடுத்துக்கொள்வது. நடுத்தொகுதிதான் கொஞ்சம் காலி, ஆனால் அங்கேயும் 172.17 டாக்கர் என்ற மென்பொருளுடையது, விண்டோஸின் விர்ச்சுவல் மெஷின் மென்பொருளான ஹைப்பர்-வியின் டிஃபால்ட் சுவிட்சும் ரீபூட்டுக்கு ரீபூட் அந்தப் பக்கமே மாறி மாறி இடம் பிடிக்கும். நானாக இருந்தால் 172.29.40.0/24 மாதிரி யாருக்கும் சட்டென்று தோன்றாத எண்ணாக எடுப்பேன், எடுக்கும் முன் விபிஎன்னை ஆன் செய்து ரூட் பட்டியலில் அது இல்லை என்று பார்த்துக்கொள்வேன். எந்த ரேஞ்ச் எதற்கு என்று ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். செட்டிநாட்டுக்காரருக்குப் பேரேடு எழுத நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அண்ணே, விர்ச்சுவல் மெஷினை பிரிட்ஜில் போட்டு 192.168.1.10 கொடுத்தேன். அதை ஆன் செய்தால் ஆச்சியின் டிவி நின்றுபோகிறது. சீரியல் நேரத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை.
– கானாடுகாத்தான் வாசகர்

தம்பி, டிவிக்கு ரவுட்டர் ஏற்கெனவே கொடுத்த எண் 10 ஆக இருக்கும். பிரிட்ஜ் என்றால் உங்கள் மெஷினுக்கென்று தனி ரேஞ்ச் கிடையாது, அதுவும் வீட்டு நெட்வொர்க்கில் இன்னொரு கணினி, அவ்வளவுதான். ரவுட்டர் பக்கத்தைத் திறந்து டிஹெச்சிபி எதிலிருந்து எது வரை என்று பாருங்கள். 2 முதல் 254 வரை என்று முழுவதையும் வைத்திருந்தால் 100 முதல் 200 என்று சுருக்கிவிட்டு, டிவியையும் ரவுட்டரையும் ஒருமுறை அணைத்துப் போட்டு, மெஷினுக்கு 20 கொடுங்கள். மாற்றுவதைச் சீரியல் முடிந்த பிறகு செய்யுங்கள். வைஃபை வழியே பிரிட்ஜ் சில அடாப்டர்களில் தகராறு செய்யும், முடிந்தால் கேபிள் போடுங்கள். அது சரி, அந்த மெஷினை வீட்டில் வேறு யாராவது பார்க்க வேண்டியிருக்கிறதா? நீங்கள் மட்டும்தான் என்றால் பிரிட்ஜே வேண்டாம், மேலே காரைக்குடி மாணவிக்குச் சொன்ன ஹோஸ்ட்-ஒன்லி போதும்.

எங்கள் மெஷினுக்கு 169.254 என்று தொடங்கும் ஐபி வருகிறது. இது எந்த ரேஞ்ச்?
– கோட்டையூர் வாசகி

யாரும் கொடுத்ததில்லை. டிஹெச்சிபியைக் கேட்டுப் பார்த்து, பதில் வராததால் மெஷின் தானே வைத்துக்கொண்டது. ஹோஸ்ட்-ஒன்லி அமைப்பில் டிஹெச்சிபி சர்வர் டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் விட்டுப்போயிருக்கும்.