டேர்போ காரும் எரிபொருளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என்னுடையது 1.3 லீற்றர் டேர்போ கார். நகருக்குள் ஒரு குறையும் இல்லை. ஏ9 வீதியில் வேகமெடுக்கும்போது மட்டும் இழுவை விட்டு விட்டு வருகிறது. ஈசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) பெற்றோலைக் கூட்டிய பின்னர் சில கிழமைகள் நன்றாக ஓடியது. இப்போது மீண்டும் பழையபடிதான். (கிளிநொச்சி)

பதில்: ஈசியூவை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் எரிபொருள் அழுத்தத்தை அளக்க வேண்டும். தளர்ந்துபோகும் பம்பியை வைத்துக்கொண்டு ஈசியூவில் அளவைக் கூட்டினால் குறை சில நாட்களுக்கு மறைந்திருக்கும். பம்பி மேலும் தளரும்போது, முழு பூஸ்டில் (டேர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் அழுத்தம்) பெற்றோல் போதாமல் பிஸ்டன் உருகும் வரைக்கும் அது போகலாம்.

உங்கள் காரைப் போன்றவற்றில், எரிபொருள் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றி அளந்தால் ஏறத்தாழ 3 பார் இருக்கும். குழாய் பூட்டியிருக்கையில், பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு எரிபொருள் அழுத்தமும் ஏற வேண்டும், அதாவது 0.8 பார் பூஸ்டில் 3.8 பார் காட்ட வேண்டும். அந்த இடத்தில் அழுத்தம் ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ குறை ஈசியூவில் இல்லை. அளப்பதற்காகப் பெற்றோல் குழாயைக் காருக்குள் கொண்டுவருவது தீயை வரவழைக்கும் வேலை. அழுத்த சென்சர் ஒன்றைப் பொருத்தி, வயரை மட்டும் உள்ளே எடுங்கள்.

அடுத்ததாக, எஞ்சின் சுமையில் ஓடும்போது பம்பியின் முனையிலேயே வோல்ற்றளவைப் பாருங்கள். பற்றறியில் 13.8 வோல்ற் இருக்க, பம்பியில் 12 வோல்ற்றுக்கும் குறைவாக இருந்தால், பழைய வயரும் துருப்பிடித்த எர்த் இணைப்பும்தான் மிகுதியைத் தின்கின்றன. பற்றறியிலிருந்து பியூஸ் வைத்த தடித்த வயரொன்றை ரிலே ஊடாகக் கொண்டுசென்று, பழைய பம்பி வயரை அந்த ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்தினால், எஞ்சின் நின்றவுடன் பம்பியும் நிற்கும் பாதுகாப்பு அப்படியே இருக்கும். பில்ரரையும் மாற்றுங்கள், நீண்ட காலம் ஓடாமல் நின்ற கார்களின் தாங்கிக்குள் துருவும் தண்ணீரும் இருப்பதை இங்கே அடிக்கடி காண்கிறேன். இவையெல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் போதாவிட்டால் மட்டுமே புதிய பம்பி வாங்குங்கள்.

கேள்வி: நான்கு சிலிண்டர் எஞ்சினில் 200 குதிரைவலு எடுக்க எத்தனை சிசி இன்ஜெக்டர் (பெற்றோலைத் தெளிக்கும் கருவி) வேண்டும்? பெரியதாகப் போட்டால் நல்லதுதானே? (முல்லைத்தீவு)

பதில்: டேர்போ எஞ்சின் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.6 இறாத்தல் பெற்றோல் எரிக்கும் என்று கொண்டால், 200 குதிரைவலுவுக்கு 120 இறாத்தல், ஓர் இன்ஜெக்டருக்கு 30 இறாத்தல் வரும். இன்ஜெக்டரை நேரத்தில் 80 வீதத்துக்கு மேல் திறந்துவைக்காமல் ஓட்ட வேண்டுமென்றால் அது 37.5 இறாத்தலாகிறது; நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சிசி. அதற்குச் சற்று மேல் இருந்தால் போதும். நாளாந்தம் சந்தைக்கும் பாடசாலைக்கும் ஓடும் காருக்கு 800 சிசி இன்ஜெக்டர் போட்டால், ஐடிலில் (கார் நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) மிகக் குறுகிய நேரமே திறப்பதால் அளவு சீராக வராது. புதிய இன்ஜெக்டரின் திறப்புத் தாமதத்தை வோல்ற்றுக்கு ஏற்றபடி ஈசியூவில் எழுதாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். பம்பிக்கும் இதுவே பொருந்தும்: அளவுக்கு மீறிய பம்பி போட்டால், ரெகுலேட்டரால் மிகுதிப் பெற்றோலைத் தாங்கிக்குத் திருப்பி அனுப்ப முடியாமல் ஐடில் அழுத்தம் உயர்ந்து நிற்கும்.

கேள்வி: 95 ஒக்டேன் பெற்றோல் சில வேளைகளில் கிடைப்பதில்லை. 92 ஒக்டேன் அடித்து, பெற்றோலைச் சற்றுக் கூட்டி ஓட்டலாமா? (மாங்குளம்)

பதில்: கூடாது. மிகுதிப் பெற்றோல் எரிகலத்தைக் கொஞ்சம் குளிர்விக்கும். ஒக்டேன் குறைவை ஈடுசெய்யாது. 92 தான் கிடைக்கும் என்றால், பூஸ்டையும் இக்னிஷன் நேரத்தையும் குறைத்து அதற்கென்றே ரியூன் செய்யுங்கள். வன்னி வெயிலில் உள்ளே வரும் காற்றே சூடாக இருப்பதால் நொக்கிங் (பெற்றோல் நேரம் தவறித் தானாக வெடித்து எரிவது) வேறிடங்களைவிட முன்னதாகவே தொடங்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிக்காட்டிய எங்கள் மெக்கானிக்மாரின் திறமையை நான் பெரிதும் மதிக்கிறேன்; ஆனால் டேர்போ எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஒரு துளியும் போகக் கூடாது. கலப்பு என்று சந்தேகம் வந்தால் பூஸ்ட் ஏறாமல் மெதுவாக ஓட்டிச் சென்று தாங்கியை வெறுமையாக்குங்கள்.

கேள்வி: காரிலுள்ள ஒட்சிசன் சென்சரைப் பார்த்தே ரியூன் செய்யலாம் என்கிறார்கள். சரியா? (வவுனியா)

பதில்: பழைய கார்களில் இருக்கும் சாதாரண சென்சர் 14.7:1 என்ற காற்று-பெற்றோல் விகிதத்துக்கு அருகே மட்டுமே நம்பத்தக்கது. முழு பூஸ்டில் நமக்கு வேண்டியது 11.5 முதல் 12 வரையான விகிதம். அதை, பரந்த எல்லையில் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சர்தான் சொல்லும். அதற்குச் செலவழிக்க மனமில்லாத ரியூனரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நண்பகலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் எடுக்கிறது. (புதுக்குடியிருப்பு)

பதில்: சாவியை ஒன் நிலைக்குத் திருப்பி, பம்பியின் சத்தம் அடங்கியதும் ஓவ் செய்யுங்கள், இதை இரண்டு மூன்று முறை செய்தபின் உடனே ஸ்டார்ட் ஆனால், நிறுத்திய பின் அழுத்தம் வடிந்து, சூட்டில் பெற்றோல் ஆவியாகிறது என்று பொருள். பம்பியிலுள்ள திரும்பாத வால்வு, ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் என்ற ஒழுங்கில் சோதியுங்கள். தாங்கிக்குள் இருக்கும் பம்பியைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள பெற்றோலே என்பதால், கால் தாங்கிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.