மகளைக் கேட்டால் நீங்கள் ஏன் பதில் சொன்னீர்கள்?

கேள்வி: என் 14 வயது மகள் அடிக்கடி விழுந்து கைகால் உதறுகிறாள். மூளையின் மின் அலையைப் பதிவு செய்யும் இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. எல்லாம் நார்மல். ‘கன்வர்ஷன் டிஸார்டர்’ என்கிறார் டாக்டர். அவளுக்குக் கூச்ச சுபாவம். அதனால் டாக்டர் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். ‘நடிக்கிறாள், இரண்டு போட்டால் சரியாகும்’ என்கிறார் கணவர். உண்மையிலேயே இது நோய்தானா?

பதில்: அவள் நடிக்கவில்லை. இது நோய்தான். வலிப்பு நோயில் வருவதுபோன்ற மின் அலை மாற்றம் மூளையில் இல்லாமலே, உடல் தன் வசம் தப்பி இப்படி உதறுவதும் ‘கன்வர்ஷன் டிஸார்டர்’தான். அந்த உதறல் அவள் வசத்தில் இல்லை. அவள்மீது கை வைக்கக் கூடாது என்று கணவரிடம் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் உங்கள்மீதுதான். விழுவதற்குமுன் நெஞ்சு படபடக்கிறதா, பேச்சுச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்கிறதா, கைகால் தன்னுடையது இல்லைபோல் தோன்றுகிறதா? இதற்கெல்லாம் நீங்கள் எப்படிப் பதில் சொன்னீர்கள்? பள்ளியில் யாரேனும் வதைக்கிறார்களா, யாரேனும் தொடக்கூடாதபடி தொட்டார்களா என்று கேட்டால், தாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? பேச்சு வராத வயதில் பிள்ளைக்காகத் தாய் பேசலாம். 14 வயதில் அது அவள் வாயைப் பொத்துவது. வீட்டு விஷயம் வெளியே போய்விடுமோ என்ற பயமும் உங்களுக்கு இருந்தால், அதை இன்றே விடுங்கள். பிள்ளையைவிடக் குடும்ப மானத்தைப் பெரிதாக நினைக்கும் வீட்டை நான் மதிப்பதில்லை.

எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரு ரகசியம் இருக்கும் என்று சொல்லவில்லை. மன அழுத்தம் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் நோய் வரையறையிலிருந்து நீக்கிவிட்டது. ஆகவே அவள் பையைக் குடைந்து துப்பறிய வேண்டாம்.

பரிசோதனை நார்மல் என்பதற்காக மட்டும் இந்தப் பெயரை வைக்கவும் முடியாது. வலிப்பு நோய் உள்ளவருக்கும், வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்த இ.இ.ஜி. நார்மலாக வருவதுண்டு. ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருப்பதுண்டு. எந்த அடையாளத்தை வைத்து முடிவு செய்தார் என்று டாக்டரிடம் கேளுங்கள். வலிப்பு நோயில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும். இதில் பெரும்பாலும் இறுக மூடியிருக்கும், தலை பக்கவாட்டில் ஆடும், உதறல் நெடுநேரம் நீளும். அடுத்த முறை வந்தால் கைபேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள். அதன்பிறகும் சந்தேகம் இருந்தால், உதறும் நேரத்தில் படத்தையும் மூளை அலையையும் சேர்த்துப் பதிவு செய்யும் வீடியோ இ.இ.ஜி. எடுக்கலாம்.

மறுபடி டாக்டரிடம் போகும்போது, ‘நீங்கள் அவளிடம் தனியாகப் பேசுங்கள்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வாருங்கள். திரும்பி வரும் வழியில், உள்ளே என்ன சொன்னாய் என்று அவளைக் கேட்காதீர்கள்.