வேஸ்ட் ஸ்லாப்புக்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?

கேள்வி: கீழ்வீட்டின் மேல் மாடி எடுக்கிறோம். மாடிப்படிக்கு மேஸ்திரி கொடுத்த எஸ்டிமேட்டில் ‘வேஸ்ட் ஸ்லாப் 5 அங்குலம்’, ‘ஹெட்ரூம்’, ‘டிரெட்’, ‘ரைசர்’, ‘நோசிங் ரன்னிங் அடி’ என்று தனித்தனியாகத் தொகை போட்டிருக்கிறார். வீணாகும் கான்கிரீட்டுக்கும் நாங்கள்தான் பணம் தர வேண்டுமா? கிரானைட்டுக்கு ஒரு தொகை, அதன் விளிம்புக்கு இன்னொரு தொகை என்று இரண்டு முறை வாங்குகிறாரோ என்றும் சந்தேகம்.
– வாசகி, விழுப்புரம்

பதில்: அந்த ‘வேஸ்ட்’ வீண் என்ற பொருளில் வருவதில்லை அம்மா, இடுப்பு என்ற பொருளில் வருவது. இரண்டையும் தமிழில் ஒரே மாதிரி எழுதுவதால் வந்த குழப்பம் இது. படிகளுக்கு அடியில் சரிவாகப் போகும் கான்கிரீட் பலகைதான் வேஸ்ட் ஸ்லாப். முக்கியமான கம்பிகள் அதற்குள்தான் ஓடுகின்றன, மொத்தப் படிக்கட்டையும் அதுதான் தாங்குகிறது. மேலே முக்கோணமாகத் தெரியும் படிகள் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் சுமை மட்டுமே. எதில் பேரம் பேசினாலும் இதன் கனத்தில் மட்டும் பேசாதீர்கள். பொறியாளர் வரைபடத்தில் 5 அங்குலம் என்றிருந்தால் 5 அங்குலம் வந்தே ஆக வேண்டும். சரிவுக்குச் செங்குத்தாக அளந்து பார்க்க வேண்டும், நேர் கீழாக அளந்தால் கூடுதலாகக் காட்டும்.

‘ஹெட்ரூம்’ என்பதும் இரண்டு பொருளில் புழங்குகிறது. நம் ஊர் எஸ்டிமேட்டில் அது மொட்டைமாடியில் படி முடியும் இடத்தில் கட்டும் சிறு அறை. பொறியாளர் வரைபடத்தில் அதே சொல், படியில் நிற்பவரின் தலைக்கு மேல் இருக்க வேண்டிய வெற்றிடம். தொகை அறைக்கு. வெற்றிடத்துக்குக் காசு இல்லை, ஆனால் 7 அடிக்குக் குறையாமல் கேட்டு வாங்குங்கள். கட்டில், பீரோவை மாடிக்கு ஏற்றும் நாளில் அதன் அருமை தெரியும்.

இனி கிரானைட். கால் வைக்கும் பலகை டிரெட், நிமிர்ந்து நிற்கும் முகப்பு ரைசர், முகப்பைத் தாண்டி ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு நோசிங். கல்லுக்குச் சதுர அடிக் கணக்கு. மூக்கை உருட்டிப் பாலிஷ் போடும் கூலிக்கு ரன்னிங் அடி, அதாவது நீளக் கணக்கு. ஆகவே இரட்டை வசூல் இல்லை. நீங்களே சரிபார்க்கலாம். தளத்துக்குத் தளம் பத்தரை அடி, அதாவது 126 அங்குலம் என்று வையுங்கள். படிக்கு 7 அங்குலம் என்றால் 18 ரைசர். நடுவில் லேண்டிங் என்ற சமதள மேடை வைத்துத் திரும்பும் படியில் பக்கத்துக்கு 9 ரைசர், 8 டிரெட். 3 அடி அகலத்துக்கு, மூக்கோடு 11 அங்குல டிரெட் 16 சேர்ந்தால் 44 சதுர அடி, ரைசர் முப்பத்தொன்றரை. லேண்டிங் விளிம்பையும் மாடி விளிம்பையும் சேர்த்து மூக்கு 18, அதாவது 54 ரன்னிங் அடி. லேண்டிங்குக்கும் சுவரோரம் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டைக்கும் தனியே கல் வேண்டும். இதற்கு வெகுவாக மேலே போனால் வெட்டுச் சேதாரம் எவ்வளவு என்று கேளுங்கள்.

டிரெட்டுக்குப் பளபளப்பான பாலிஷ் வேண்டாம். சற்றுச் சொரசொரப்பான லெதர் ஃபினிஷ் வாங்குங்கள், இல்லாவிட்டால் மூக்கை ஒட்டி இரண்டு மூன்று கோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். ஈரக்காலோடு இறங்குபவர்களுக்கு அந்தக் கோடுதான் பிடிமானம்.

எஸ்டிமேட்டில் இல்லாத ஒன்றைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். எல்லா ரைசரும் ஒரே உயரம் இருக்க வேண்டும். வீட்டுப் படிக்கு ரைசர் 190 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, டிரெட் 250 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 7 அங்குல ரைசரும், மூக்கு நீங்கலாக 10 அங்குல டிரெட்டும் இதற்குள் அடங்கும். ஆனால் கான்கிரீட்டில் எல்லாப் படியையும் 7 அங்குலமாகப் போட்டுவிட்டு, பிறகு படிமேல் கல்லும் கலவையுமாக ஒன்றரை அங்குலம், இரண்டு தளத்திலும் டைல்ஸும் கலவையுமாக இரண்டரை அங்குலம் ஏற்றினால் என்ன ஆகும்? முதல் படி 6 அங்குலமாகக் குறையும், கடைசிப் படி 8 அங்குலமாக உயரும். என் அக்கா வீட்டில் இப்படித்தான் ஆயிற்று. புதுமனை புகுவிழாவன்றே பாயசத் தூக்கோடு ஏறியவர் கடைசிப் படியில் தடுக்கி விழுந்தார். கால் பதினேழு படிக்குப் பழகிவிடுகிறது, பதினெட்டாவதில் கண் பார்ப்பதில்லை. கல் ஒட்டியபின் இதைத் திருத்த வழி இல்லை. கான்கிரீட் ஊற்றுவதற்கான சென்ட்ரிங் பலகை அடிக்கும் முன்பே தரைக்கு எவ்வளவு, படிக்கு எவ்வளவு கனம் வரும் என்று மேஸ்திரியிடம் சொல்லி, முதல் படியையும் கடைசிப் படியையும் அதற்கேற்பப் போடச் சொல்லுங்கள். சுவரில் ஒவ்வொரு படிக்கும் கோடு போட்டுக் காட்டச் சொல்லி, டேப்பை நீங்களே பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரைக்கு அருகில். எவர்சில்வர் கைப்பிடி ஒரே வருடத்தில் துருப்பிடித்துவிட்டது. காந்தம் ஒட்டவில்லை என்று பார்த்துத்தானே வாங்கினோம்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: காந்தம் இங்கே உதவாது. 304, 202 என்ற இரண்டு எவர்சில்வர் ரகத்திலும் பொதுவாகக் காந்தம் ஒட்டாது. 202-இல் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம், உப்புக்காற்றைத் தாங்காது. 304 எவ்வளவோ மேல், அதையும் அவ்வப்போது நல்ல தண்ணீரால் துடைத்துவர வேண்டும். ரகம் பார்க்கும் சோதனைத் திரவம் கடைகளில் கிடைக்கிறது. குழாயில் ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறுவதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். குழாய் கனத்தையும் கேளுங்கள்: 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மி.மீ., 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள். மாற்றும்போது ரகம், கேஜ் இரண்டையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வெறுமனே ‘எஸ்.எஸ். ரெயிலிங்’ (எவர்சில்வர் கைப்பிடி) என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்தில் எதையும் நிரூபிப்பது கடினம்.